கப்பிக் குஞ்சுத் தொட்டி: மோட்டார் ஃபில்டரை எடுத்துவிட்டு மூலை ஸ்பாஞ்ச் போட்ட அனுபவம்

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பாமல் 27 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 48 லிட்டர் பிடிக்கும். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில், வெயில் நேராக விழாத சுவரோரம் மேசை போட்டு வைத்திருக்கிறேன். கப்பி என்கிற சின்ன அலங்கார மீன்கள் குட்டி போடுவது இதில்தான். ஒரு பெட்டை ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு விடும். பிறந்த குஞ்சு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். கண் இரண்டும் தெரியும், மற்றதெல்லாம் தண்ணீர் நிறம்.

இதில் முன்பு ஓடியது தண்ணீருக்குள் முக்கி வைக்கிற மோட்டார் ஃபில்டர். மணிக்கு 600 லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தண்ணீர் எப்போதும் பளிச்சென்று இருக்கும். ஆனால் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறையும். தாய் தின்றுவிடுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் குட்டி போட்டதும் பெட்டையை எடுத்து வேறு தொட்டியில் விட்ட பிறகும் குறைந்தது. மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிழிந்தேன். பழுப்பு அழுக்கோடு குட்டிக் குட்டிக் கண்களும் வந்து விழுந்தன.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கிவிடும். மணிக்கு 600 லிட்டர் என்றால் ஒரு நொடிக்கு 166 மில்லிலிட்டர். மோட்டாரின் வாயில் அவ்வளவும் நுழைகிற சந்துகளை ஸ்கேலால் அளந்து கூட்டினால் மொத்தம் 10 சதுர சென்டிமீட்டர்தான் தேறியது. அப்படியானால் சந்தின் வாயில் தண்ணீர் நொடிக்கு 16 செ.மீ. வேகத்தில் பாய்கிறது. குஞ்சு தன் உடல் நீளத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் ஒவ்வொரு நொடியும் எதிர்த்து நீந்தினால்தான் தப்பிக்கலாம். பிறந்த அன்றைக்கு அதற்கு அந்தத் தெம்பு கிடையாது.

சந்தை வலைத்துணியால் கட்டிவிடலாம் என்பது பலரும் சொல்கிற வழி. வலை ஒரே நாளில் அடைக்கும், மோட்டார் சூடேறும், குஞ்சு உள்ளே போகாமல் வலையிலேயே ஒட்டிக்கொண்டு சாகும். நோய் இருப்பது வேகத்தில். அதே தண்ணீர் இன்னும் பெரிய பரப்பு வழியாக, மெதுவாகப் போக வேண்டும். ஜெர்மனியில் ஹாம்பர்க் மேட்டன் ஃபில்டர் என்று ஒரு முறை உண்டு. தொட்டியின் ஒரு பக்கத்தை முழு உயர ஸ்பாஞ்ச் சுவரால் அடைத்து, பின்னாலிருந்து தண்ணீரை எடுத்து முன்னால் விடுவது. அதையே மூலையில் கால்வட்டமாக வளைத்துப் போட்டால் சின்னத் தொட்டிக்கும் பொருந்தும். நான் செய்தது அந்த மூலை வடிவம்.

மூலையிலிருந்து இரண்டு கண்ணாடியிலும் 19 செ.மீ. தள்ளிக் கோடு போட்டேன். இரண்டுக்கும் நடுவே வளைகிற கால்வட்டத்தின் நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. தண்ணீர் உயரம் 27. ஆக 810 சதுர சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் முகம் கிடைக்கிறது, பழைய சந்தைப் போல எண்பது மடங்கு. பின்னால் அடைபடுகிற இடம் ஏழரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது தொட்டியில் ஆறில் ஒரு பங்கு மீன் நீந்த உதவாது. சின்னத் தொட்டிக்கு இது பெரிய இழப்புதான். ஆனாலும் குஞ்சு வளர்க்கிற தொட்டியில் அந்த இடத்தைக் கொடுப்பது சரி என்றே நினைக்கிறேன். அழகுத் தொட்டியாக இருந்தால் யோசித்திருப்பேன்.

ஸ்பாஞ்ச் வாங்கும்போது கவனம் வேண்டும். சோபாவுக்கும் மெத்தைக்கும் வருகிற ஃபோமில் துளைகளை மெல்லிய சவ்வு பெரும்பாலும் மறைத்திருக்கும், தண்ணீர் எளிதில் கடந்து போகாது. சிலதில் தீப்பிடிக்காமலிருக்க மருந்தும் கலந்திருப்பார்கள். மீன் தொட்டிக்கென்றே வருகிற, அங்குலத்துக்கு 30 துளை உள்ள, 3 செ.மீ. தடிமன் ஷீட்டை மதுரையிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். இதைவிடப் பெரிய துளை என்றால் குஞ்சு நுழையும், இதைவிடச் சின்னது என்றால் சீக்கிரம் அடைக்கும். 5 செ.மீ. தடிமனிலும் கிடைக்கிறது. நேர்ச் சுவருக்கு அதுதான் நல்லது, ஆனால் இவ்வளவு சின்ன வளைவுக்கு மடங்காது.

ஸ்பாஞ்சைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்த, வயரிங் வேலைக்கு ஓட்டுகிற ஒரு அங்குல பிவிசி கேசிங் பட்டை போதும். மேல்மூடி வேண்டாம், அடிப்பட்டை மட்டும். ஸ்பாஞ்சின் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டால் இறுக்கமாக நிற்கும். ஓரம் ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. உள்ளே போக வேண்டும் என்பதால் ஸ்பாஞ்சை 32 செ.மீ. அகலத்துக்கு வெட்டினேன். உயரம் 29, தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நிற்கட்டும் என்று. காய்ந்த ஸ்பாஞ்சில் கத்தி இழுத்துக்கொண்டு கோணலாகப் போகும். நனைத்துப் பிழிந்து, பலகையில் வைத்து, நீளமான பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால் நேராக வரும். அடி விளிம்புதான் முக்கியம். கோணல் அடியில் இருந்தால் அந்த இடைவெளி வழியாகக் குஞ்சு பின்னால் போய்விடும்.

பட்டையை ஒட்ட வேண்டுமானால் தொட்டி காலியாகி உலர்ந்திருக்க வேண்டும். மீன்களையும் பாசியையும் பழைய தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி, மோட்டார் ஃபில்டரையும் அதிலேயே போட்டு ஓடவிட்டேன். குஞ்சுகள் சிக்காமலிருக்க மோட்டார் வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் உறையும் மாட்டினேன். அப்பத்தா தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏப்பா, வீட்டுல இம்புட்டு அண்டா சும்மா கெடக்கையில டப்பு எதுக்கு?" என்றார்.

"பித்தளை ஆகாது அப்பத்தா. செம்பு தண்ணியில எறங்கும், மீனுக்கு வெஷம்."

"நாங்க அதுலதான மழைத்தண்ணி புடிச்சுக் குடிச்சோம்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. முற்றத்துக் கூரை நான்கு பக்கமும் உள்ளே சரிந்து, மழை அண்டாவிலும் கிடாரத்திலும் வந்து விழுகிற வீடு இது. மனிதர் தாங்குகிற செம்பை மீன் தாங்காது, அதன் செவுள் வழியாக நேராக ரத்தத்துக்குப் போகும். மழைத்தண்ணீர் உப்பில்லாத தண்ணீர் என்பதால் உலோகத்தைக் கூடுதலாகக் கரைக்கும். பித்தளையில் செம்புதான் பெரும்பங்கு. மீன் வளர்க்கிற செட்டிநாட்டு வீடுகளில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தால் கேடில்லை.

அடுத்தது உப்புக் கறை. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குக் காரைக்குடியில் நல்ல பேர். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் அப்படியில்லை, கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் 900-ஐத் தாண்டுகிறது. கப்பிக்குக் கடினத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும், அதனால்தான் வேறு மீன் வைக்காமல் இதை வைத்தேன். ஆனால் தண்ணீர் மட்டத்தில் கண்ணாடி மேல் வெள்ளைக் கோடு படிந்திருக்கும். அதன் மேல் சிலிக்கான் பிடிக்காது. வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துவிட்டு, பிளேடால் சுரண்டி, கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பட்டையின் அடிப்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும், வழவழப்பான பிவிசியில் சிலிக்கான் பிடிப்பு குறைவு.

சிலிக்கான் வாங்கும்போது பாத்ரூமுக்கு விற்கிற பூஞ்சைத் தடுப்பு வகையைத் தொடாதீர்கள். பூஞ்சையைக் கொல்கிற மருந்து மீனையும் பாதிக்கும். பூசும்போது வினிகர் வாடை அடிக்கிற, மருந்து கலக்காத கண்ணாடிச் சிலிக்கான்தான் வேண்டும். இரண்டு முழு நாள் காயவிட்டு, அந்த வாடை அறவே போன பிறகுதான் தண்ணீர் விட்டேன்.

தண்ணீரைத் தூக்கிவிடுவது காற்று. முக்கால் இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை மூலையில் நட்டமாக நிறுத்தி, தலையில் ஒரு எல்போ மாட்டி, எல்போவின் வாய் ஸ்பாஞ்சில் போட்ட ஓட்டை வழியாக முன்பக்கம் எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். குழாயின் அடியில் காற்றுப் பம்பிலிருந்து வரும் டியூப் நுழைகிறது. குமிழிகள் ஏறும்போது குழாய்க்குள் இருக்கிற தண்ணீரும் காற்றும் சேர்ந்த கலவை வெளித் தண்ணீரைவிட லேசாகிறது. வெளித் தண்ணீர் அடியிலிருந்து தள்ள, உள்ளே இருப்பது மேலே ஏறிக் கொட்டுகிறது. சுழல்கிற பாகம் எதுவும் தண்ணீருக்குள் இல்லை.

டியூப்பை வெறுமனே நுழைத்துவிட்டால் பெரிய குமிழியாக விட்டு விட்டு வரும், குழாய் கடகடவென்று கத்தும், தண்ணீரும் குறைவாகவே ஏறும். பொடிக் குமிழி வேண்டும். காற்றுக் கல் போடலாம், ஆனால் எங்கள் தண்ணீரில் கல்லின் கண்கள் சுண்ணாம்பு ஏறிச் சீக்கிரம் அடைந்துவிடும். டியூப்பின் நுனியை அடைத்து, கடைசி இரண்டு செ.மீ. நீளத்தில் சூடாக்கிய ஊசியால் சுற்றிலும் துளை போட்டேன். இதுவும் அடைக்கும்தான். அடைத்தால் வினிகரில் ஊறவைத்து உருட்டினால் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும், காசு செலவில்லை.

எல்போவின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. வாயில் பாதி தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது ஒரு லிட்டர் பிடிக்கிற வெறும் பிளாஸ்டிக் பையை அதில் மாட்டிக் கைபேசியில் நேரம் பார்த்தேன். நிரம்ப 24 நொடி. மணிக்கு 150 லிட்டர், அதாவது தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று சுற்று வருகிறது. இந்த வகை ஃபில்டருக்கு இரண்டிலிருந்து நான்கு சுற்று போதும். அதே குழாயை இரண்டு விரல்கடை உயர்த்தியதும் தாரை மெலிந்து நூலாகிவிட்டது. காற்றுக்குத் தண்ணீரை நீர்மட்டத்துக்கு மேலே தூக்குகிற வலு குறைவு.

மறுபடி அந்தக் கணக்குக்கு வருகிறேன். மணிக்கு 150 லிட்டர் 810 சதுர சென்டிமீட்டர் வழியாகப் போனால், ஸ்பாஞ்சின் முகத்தில் தண்ணீர் வேகம் நிமிடத்துக்கு 3 செ.மீ. முன்பு நொடிக்கு 16. ஒரு நாள் வயதுக் குஞ்சு ஸ்பாஞ்சில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது, தள்ளாட்டமே இல்லை.

புது ஸ்பாஞ்ச் சுத்தமாக இருக்கும், அதுதான் அதன் குறையும். ஃபில்டரின் உண்மையான வேலையைச் செய்வது ஸ்பாஞ்சில் ஒட்டி வாழ்கிற பாக்டீரியா. மீன் வெளிவிடும் அம்மோனியாவை ஒரு வகை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். சாதாரணப் பாக்டீரியா அரை மணியில் இரண்டாகப் பெருகும். இவை பெருக அரை நாள், ஒரு நாள் எடுக்கும். மீன் கடைத் தம்பி ஒருவர், "பழைய தண்ணிய அப்புடியே ஊத்திருங்கண்ணே, பாக்டீரியா வந்துரும்" என்று சொன்னார். பழைய தண்ணீரை ஊற்றுவதில் வேறு நன்மை உண்டு, மீனுக்குத் தண்ணீர் மாறிய அதிர்ச்சி இருக்காது. ஆனால் இந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு, எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழும். ஆகவே கடத்த வேண்டியது பழைய ஸ்பாஞ்சில் இருப்பதை.

புது ஸ்பாஞ்சைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, தொட்டிக்குள் முக்கியபடியே பிழிந்து உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன். காற்று தங்கினால் ஷீட் மிதந்து பட்டையிலிருந்து கழன்று வரும். பிறகு பழைய ஸ்பாஞ்சின் ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரிலேயே, புதிதின் முகத்துக்கு நேராக, மெல்லப் பிழிந்துவிட்டேன். தொட்டி முழுக்கப் பழுப்பாகக் கலங்கி, சாயங்காலத்துக்குள் தெளிந்தது. அந்தப் பழுப்பெல்லாம் புது ஸ்பாஞ்சில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

பழைய மோட்டாரை உடனே எடுக்கவில்லை. ஸ்பாஞ்ச் உறையைக் கழற்றாமல் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இரண்டையும் சேர்த்தே ஓட்டினேன். அந்த நாள்களில் சினைப் பெட்டைகளை இந்தத் தொட்டியில் விடவில்லை. மோட்டாரை எடுத்த அன்று அதன் ஸ்பாஞ்சை எறியாமல் மூலைக்குப் பின்னால் செருகி வைத்தேன், இரையைப் பாதியாகக் குறைத்தேன், தினமும் அம்மோனியா சோதித்தேன். இரண்டொரு நாள் சோதனைக் கிட்டில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டியது, பிறகு பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறது.

0.25 என்பது சின்ன எண்தான் என்று எங்கள் ஊரில் விட்டுவிட முடியாது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று கொடிய விஷம், மற்றது ஏறக்குறைய சாது. பிஎச் 7, வெப்பம் 30 டிகிரி என்றால் விஷ வடிவம் 0.8 சதவீதம்தான். அதே 30 டிகிரியில் பிஎச் 8 ஆனால் 7.5 சதவீதம், ஒன்பது மடங்கு. எங்கள் போர்த் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. குளிர்ந்த ஊரில், மென் தண்ணீரில் மீன் வளர்க்கிறவர் அலட்டிக்கொள்ளாத அளவு இங்கே செவுளைச் சுடும். கிட்டில் நிறம் லேசாகப் பச்சையடித்தாலே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுகிறேன். போர்த் தண்ணீரை நேராக ஊற்றுவதில்லை. பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு மிகுதி. டிரம்மில் ஒரு ராத்திரி காற்று விட்ட பிறகே தொட்டிக்குப் போகும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினுக்காகவும் இது தேவை. குளோரின் மீனுக்கும் கேடு, பாக்டீரியாவுக்கும் கேடு.

கரண்ட் விஷயத்தில்தான் இந்த மாற்றம் எனக்கு நிம்மதி தந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். மோட்டார் ஃபில்டரின் மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துச் சாகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரைத்தான் மோட்டார் முதலில் தொட்டிக்குள் தள்ளும். வெயில் நாளில் தண்ணீரே ஆக்சிஜனைக் குறைவாகப் பிடிக்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும், 30-ல் 7.5 தான். இப்போது கரண்ட் போனால் யுஎஸ்பியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பைப் பவர் பேங்கில் செருகிவிடுகிறேன். ஓட்டம் பாதிதான் இருக்கும், ஆனால் நிற்காது. காற்றுப் பம்பு தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூப்பில் ஒரு வழி வால்வு மாட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் காற்று நின்றதும் தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போகும், அங்கே இருப்பது மின்சாரம்.

கோடையில் கவனிக்க வேண்டியது நீர்மட்டம். அக்கினி நட்சத்திர நாள்களில் தண்ணீர் வேகமாக வற்றும், மட்டம் இறங்கினால் எல்போவின் வாய் மேலே நின்றுவிடும், தாரை நூலாகும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். போர்த் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் கடினம் ஏறிக்கொண்டே போகும். வற்றியதை ஈடுகட்ட, ஐப்பசி கார்த்திகையில் முற்றத்து மழையைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடி வைத்ததைத்தான் ஊற்றுகிறேன். முதல் மழையில் ஓட்டுத் தூசி, காக்கை எச்சம் எல்லாம் வரும், அதைப் பிடிக்கக் கூடாது.

சில குஞ்சுகள் எப்படியோ ஸ்பாஞ்சுக்குப் பின்னால் போய்விடுகின்றன. கரண்ட் இல்லாத நேரத்தில் குழாய் வழியாக இறங்குகின்றன என்று நினைக்கிறேன். முன்பானால் அதுதான் முடிவு. இப்போது பின்னால் வெட்டுகிற விசிறி எதுவும் இல்லை, அங்கேயே மேய்ந்து, காற்று வந்ததும் குழாயில் ஏறி முன்னால் விழுகின்றன. முன்பக்கம் இருப்பவை பகலெல்லாம் ஸ்பாஞ்சைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதன் முகத்தில் படர்கிற நுண்ணுயிரும் பாசித் துகளும் நான் போடுகிற பொடி இரைக்கு நடுவே கிடைக்கிற தீனி.

சுத்தம் செய்ய நாள் கணக்கு வைக்கவில்லை. ஸ்பாஞ்ச் அடைக்கத் தொடங்கினால் பின்பக்க நீர்மட்டம் முன்பக்கத்தைவிடத் தாழும். அந்த வித்தியாசம் ஒரு செ.மீ. ஆனால் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். ஷீட்டைக் கழற்றுவதில்லை, சைஃபன் டியூப்பால் முகத்தின் ஒரு பாதியை மட்டும் மேலாக உறிஞ்சுகிறேன், மறு பாதி அடுத்த முறை. குஞ்சு சைஃபனில் வந்துவிடும் என்பதால் எடுத்த தண்ணீரை வெள்ளை வாளியில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் செடிக்கு ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது, கொல்லையில் கறிவேப்பிலைக்கு அப்பத்தாவே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

பெட்டைகள் இருக்கிற 3 அடித் தொட்டிக்கு அடுத்து இதையே போடப் போகிறேன். அங்கே மூலை வேண்டாம், ஒரு பக்கம் முழுக்க நேர்ச் சுவராக, 5 செ.மீ. தடிமன் ஷீட்டில். கேசிங் பட்டை மிச்சம் இருக்கிறது, ஸ்பாஞ்ச் சொல்லியாயிற்று.